பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள்

அம்மா, மகளை அரசுக் கல்லூரியில் பி.சி.ஏ. சேர்த்தால் சொந்தத்தில் பேசுவார்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வைக்கக் கூடாது என்றே சொல்வேன். கல்விக் கடனுக்கு வட்டி, பிள்ளை படிக்கும்போதே ஏறத் தொடங்கிவிடும். நன்கொடை வாங்குவதோ தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடுக்கப்பட்டது. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மாமாவின் ஜவுளிக்கடை இணையதளத்தில் ஓரமாக நிற்கும் வாட்ஸ்அப் பொத்தானை மகளே செய்தாள் என்று. அதற்குப் பெயர் விட்ஜெட். அடுத்தவர் தளத்தில் ஒரே வரி ஸ்கிரிப்டாக, அதாவது நிரல் வரியாக, ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சின்னக் கருவி. ஆர்டர் படிவம், முன்பதிவு நாட்காட்டி, விலைக் கணிப்பான் எல்லாம் இந்த இனம்தான். இதை ஒழுங்காகச் செய்வது தனித் தொழில். ஆலோசனைக்கு வருகிறவர்களில் யாரும் இதைக் கேட்பதே இல்லை.

அவள் பொத்தானைத் திறந்து இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கிரிப்ட் வரியில், பக்கத்தைக் காக்க வைக்காமல் தனியாக ஏறச் சொல்லும் 'அசிங்க்' என்ற சொல் இருக்கிறதா? இல்லாவிட்டால் அவளுடைய சர்வர் திணறும்போது மாமாவின் பக்கமும் பாதியில் நிற்கும். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். நிரல், பொத்தானின் நிறத்தையும் எழுத்தளவையும் கெடுக்காமலிருக்க, அதைத் தனியே பிரித்து வைக்கும் 'ஷேடோ டாம்' அல்லது ஐஃப்ரேம் வேண்டும். பக்கத்தின் நடுவே வரும் படிவமென்றால் அதற்கான உயரத்தை முன்பே ஒதுக்க வேண்டும். தாமதமாக வந்து மற்றதைக் கீழே தள்ளினால் பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்று கூகுள் அளக்கும் சி.எல்.எஸ். மதிப்பெண், நல்லது என்று வைத்திருக்கும் 0.1 வரம்பைத் தாண்டிவிடலாம். வாட்ஸ்அப் இணைப்பில் எண் 91-இல் தொடங்க வேண்டும், கூட்டல் குறியும் முன்பூஜ்யமும் கூடாது. முன்கூட்டி எழுதிய செய்தியை என்கோடு செய்யாமல், அதாவது இணைப்புக்கு ஏற்ற குறியீடாக மாற்றாமல், விட்டால் '&' குறி வந்த இடத்தில் அது அறுந்துபோகும். கைபேசியில் 'கூடையில் சேர்' பொத்தானை மறைக்கிறதா என்றும் பார்க்கட்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான், கடைக்காரருக்கு விற்பனையே போகும்.

அடுத்து அதையே, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சேர்க்கிற துணைக்கருவியாக, பிளக்இன் ஆக்கட்டும். அதிகாரப்பூர்வத் தொகுப்பில் சேர்க்கக் கட்டணமில்லை. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடுகிற ஜி.பி.எல். உரிமத்தோடு பொருந்த வேண்டும். உள்ளே வரும் தரவைச் சுத்தப்படுத்தாமல், வெளியே காட்டுவது நிரலாக ஓடிவிடாதபடி எஸ்கேப் செய்யாமல் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். அந்தத் திருத்தக் குறிப்புகளே அவளுக்கு நல்ல பாடம்.

முதல் ஆண்டில் இதிலிருந்து வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். பட்டம் கட்டாயம் வேண்டும், அதற்கு பி.சி.ஏ. போதும், பின்னால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போகலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

யாரும் சொல்லாமல் ராத்திரி உட்கார்ந்து பிழை திருத்துகிற பெண்ணிடம் 'உனக்கு என்ன தெரியும்' என்று யாரும் பேச விடாதீர்கள். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். அதன் சேர்க்கைப் பட்டியல் வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.