தனியாக ஆடுவதா, ஐவரில் ஒருத்தியாக ஆடுவதா?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறோம். இங்கேயே பிறந்த மகளுக்கு இப்போது 14 வயது. சின்ன வயதிலிருந்து ரித்மிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (வளையம், பந்து, ரிப்பன் போன்ற கருவிகளோடு இசைக்கு ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ்) பழகுகிறாள். தனிநபர் பிரிவை விட்டுக் குழுப் பிரிவுக்கு மாறச் சொல்கிறார் பயிற்சியாளர். அங்கே போனால் பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகிவிடுவாளோ? எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கலாம்?

பதில்: தனிநபர் பிரிவில் தேறாதவர்களைத் தள்ளிவிடும் இடம்தான் குழு என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். இத்தாலியில் இருந்துகொண்டு நீங்கள் அப்படி நினைக்கவே வேண்டாம். அந்நாட்டுக் குழு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றது. லண்டன், டோக்கியோ, பாரிஸ் மூன்றிலும் வெண்கலம். தனிநபர் பிரிவிலோ, சோபியா ரஃபேலி மூலம் இத்தாலிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்ததே 2024இல்தான்.

குழுவில் ஐந்து பேர். 13 மீட்டருக்கு 13 மீட்டர் விரிப்பில் இரண்டே கால் நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடம் வரை ஆட வேண்டும். இரண்டு ஆட்டங்கள் உண்டு: ஒன்றில் ஐவர் கையிலும் ஒரே கருவி, மற்றதில் இரண்டு வகை. பாரிஸில் முதல் ஆட்டத்துக்கு ஐந்து வளையம், அடுத்ததற்கு மூன்று ரிப்பன், இரண்டு பந்து. ஆட்டத்தின் உயிர் இருப்பது கருவி மாற்றத்தில். ஐவரும் ஒரே நேரத்தில் மேலே எறிவார்கள். எறிந்த கையோடு உருண்டோ சுழன்றோ இடம் மாறி, அடுத்தவள் எறிந்ததைப் பிடிக்க வேண்டும். தோழியின் எறி ஒரு முழம் தள்ளி வந்தாலும் அதற்கு ஏற்றாற்போல் நகர்ந்து, எதுவுமே நடக்காத மாதிரி பிடிக்கத் தெரிந்தவள்தான் குழுவுக்கு வேண்டியவள். கீழே விட்டால் அரைப் புள்ளி போகும். எடுக்க ஓட வேண்டியிருந்தால் ஒரு புள்ளிவரை போகும். உங்கள் மகளிடம் இந்தக் கணிப்பைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கூப்பிடுகிறார் என்றால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுட்காலம் நீங்கள் பயப்படுகிற அளவு குறைவில்லை. 16 வயதாகும் ஆண்டிலிருந்து சீனியர் பிரிவில் ஆடலாம். இத்தாலிக் குழுவின் தலைவியாக இருந்த அலேசியா மௌரேல்லி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது வயது 19, 2024 பாரிஸில் 27. ரஷ்யாவின் அனஸ்தாசியா பிளிஸ்னியூக்கும் மூன்று ஒலிம்பிக் கண்டவர். ஆனால் இவர்கள் விதிவிலக்கு. பெரும்பாலானோர் இருபதுகளின் தொடக்கத்திலேயே விலகிவிடுகிறார்கள். நாட்டுக்கு ஒரே குழு, அதில் ஐந்தே இடம். மாற்று வீராங்கனையாக இருப்பவள் மற்றவர்களைப் போலவே முழுப் பயிற்சியும் செய்வாள், பெரிய போட்டியில் ஒரு தடவைகூட விரிப்பில் கால் வைக்காமலே போகலாம். அதை மகளிடம் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அதைவிட அவசரமானது குடியுரிமை. 10 வயதுக்கு முன்பிருந்து சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள், இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுச் சம்மேளனத்தில் பதிவுசெய்யலாம் என்று 2016 சட்டம் சொல்கிறது. அதனால் கிளப் போட்டிகளுக்குத் தடையில்லை. தேசிய அணிக்கோ குடியுரிமை கட்டாயம். இத்தாலியில் பிறந்ததால் மட்டும் அது கிடைத்துவிடாது. தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தால் 18 முடிந்தபின் ஓராண்டுக்குள் கேட்கலாம். குழு ஜிம்னாஸ்ட்டுக்கு அது மிகவும் தாமதம். நீங்களோ கணவரோ 10 வருட வசிப்பை வைத்து விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றால், உங்களோடு வாழும் மகளுக்கும் கிடைக்க வழியுண்டு. முடிவு வர இரண்டு மூன்று வருடம் பிடிக்கலாம், அதற்குள் அவளுக்கு 16, 17 ஆகிவிடும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

தேசிய அணிக்குத் தேர்வானால் மிலான் பக்கத்தில் உள்ள தேசியோவுக்குக் குடிபெயர வேண்டியிருக்கும். நாள் முழுக்கப் பயிற்சி, ஆகவே பள்ளிப் படிப்புக்கு முன்கூட்டியே ஏற்பாடு தேவை. வருமானத்தைப் பொறுத்தவரை, அந்தக் குழுவினர் இத்தாலிய விமானப்படையின் விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து மாதச் சம்பளம் பெறுகிறார்கள். அதற்கும் குடியுரிமை வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பயிற்சி அளிப்பது, நடுவராவது, மேடை நிகழ்ச்சிகள் என்று வழிகள் இருக்கின்றன.

அப்புறம், சாப்பாட்டு விஷயம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2022இல் இத்தாலியின் முன்னாள் குழு வீராங்கனைகள், எடையைச் சொல்லித் தங்களை அவமானப்படுத்தியதாக வெளிப்படையாகவே பேசினார்கள். வளரும் வயதில் பட்டினி போட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகி விரிசல் விடும். ஐவரும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்ற நெருக்கடி குழுவில் கூடுதல். கிளப்பில் எத்தனை நாளுக்கொரு தடவை எடை பார்க்கிறார்கள், மற்றவர்கள் முன்னால் பார்க்கிறார்களா, ஊட்டச்சத்து நிபுணர் இருக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் தவறினால் அடுத்த போட்டிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

என் யோசனை, சரி சொல்லுங்கள். ஆனால் முதல் ஒரு பருவம் தனிநபர் ஆட்டம் ஒன்றையும் கைவிடாமல் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். இரண்டையும் ஆடிப் பார்த்தபின் எந்தப் பயிற்சி முடிந்து வரும்போது அவள் வீட்டில் அதிகம் பேசுகிறாள் என்பது உங்களுக்கே தெரியும். மாறுவதா என்ற கடைசி முடிவை அவளே எடுக்கட்டும்.