கணினி கேள்வி – பதில்: பழைய ஹார்ட் டிஸ்க்கை மறுபடி பயன்படுத்த

கேள்வி: புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் எஸ்எஸ்டியில் ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. அதைப் புதியதில் மாட்டி, படங்களும் வீடியோக்களும் சேமிக்க வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. கேபிள் மாட்டுவது சில நிமிட வேலைதான். அந்த டிஸ்க்கை நம்பலாமா என்று பார்ப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் வயரையும் பிடுங்கிவிடுங்கள். டிஸ்க்கின் பின்பக்கம் இரண்டு கனெக்டர்கள் இருக்கும். சின்னதில் மதர்போர்டிலிருந்து வரும் சாட்டா டேட்டா கேபிளையும், பெரியதில் எஸ்எம்பிஎஸ்ஸின் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பவர் கேபிளையும் செருகுங்கள். டிஸ்க்கை ஸ்குரூ போட்டு அசையாமல் இறுக்குங்கள். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த பவர் கேபிளை அதில் செருகவே செருகாதீர்கள். கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கலாம், டிஸ்க்கின் சர்க்யூட் போர்டு அக்கணமே கருகிவிடும்.

பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) டிஸ்க் தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் மதர்போர்டிலேயே செருகும் வகை) மாட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய விண்டோஸ் கிளம்பி நின்றால், பயாஸின் பூட் வரிசையில் புது எஸ்எஸ்டியை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

டிஸ்க் தெரிந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டேட்டா எழுதப்படும் சிறு பகுதிகள்). சி5 என்பது படிக்க முடியாமல் டிஸ்க் சந்தேகத்தில் வைத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாமல் போனவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. 05-ல் சிறிய எண் இருந்து, மாதக்கணக்கில் ஏறாமல் நின்றால், முக்கியமில்லாத கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் உள்ளே இருப்பதை உடனே வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள். சி7 (டேட்டா கேபிள் வழியே வரும்போது நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் டிஸ்க் அல்ல, டேட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றினால் பழைய எண் அப்படியே இருக்கும், மேற்கொண்டு ஏறாது.

பழைய பயனர் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னால், ‘கன்டின்யூ’ கொடுத்துச் சற்றுப் பொறுத்திருங்கள், திறந்துவிடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்க் என்றால் பாஸ்வேர்டையோ 48 இலக்க ரெக்கவரி கீயையோ கேட்கும். இரண்டும் இல்லாமல் உள்ளே நுழைய வழியே இல்லை.

கேள்வி: எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன். ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சில சின்ன பார்ட்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) அழிய மறுக்கின்றன. ஏன்?

பதில்: அவை பழைய விண்டோஸ் கிளம்பவும் பழுதுபார்க்கவும் வைத்திருந்து விட்டுச்சென்ற இஎஃப்ஐ, ரெக்கவரி பார்ட்டிஷன்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் அவற்றைத் தொட விடாது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் கட்டளையை இயக்குங்கள். ‘லிஸ்ட் டிஸ்க்’ கொடுத்தால் பட்டியல் வரும். அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க்கின் எண்ணை உறுதி செய்யுங்கள். 0 என்றால் எஸ்எஸ்டிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள், வரிசை மாறலாம். ‘செலக்ட் டிஸ்க்’ என்று எண்ணோடு கொடுத்து, பிறகு ‘கிளீன்’. இது ‘நிச்சயமா?’ என்று கேட்காது, நொடியில் பார்ட்டிஷன் அட்டவணையைத் துடைத்துவிடும். டேட்டா உள்ள வேறு டிஸ்க்குகள் இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்து அவற்றின் கேபிளைக் கழற்றிய பின் இதைச் செய்வதே உத்தமம்.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணையின் வகை) தேர்ந்தெடுத்து, விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ‘குயிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஆனால் டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதப்படுவதால் பலவீனமான செக்டர்கள் இப்போதே வெளியே வரும். முடிந்ததும் 05, சி5, சி6 எண்களை மறுபடி பாருங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிவது கணக்கிடும் முறையால் வருவது, இடம் எதுவும் காணாமல் போகவில்லை.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து எடுத்த 2.5 அங்குல டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டேன். டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது, பிறகு காணாமல் போகிறது.

பதில்: முதல் சந்தேகம் மின்சாரம். மோட்டார் சுழலத் தொடங்கும் நேரத்தில் சில டிஸ்க்குகள் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியரும், 3.0 போர்ட் 900-மும்தான் தரக் கடமைப்பட்டவை. நீளமான கேபிளையும் கேபினட்டின் முன்பக்க போர்ட்டையும் தவிர்த்து, பின்பக்க போர்ட்டில் குட்டைக் கேபிளால் இணையுங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப்பைப் பயன்படுத்துங்கள். நேராக சாட்டாவில் இணைத்தும் அதே சத்தம் வந்தால் ஹெட் (தகட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) பழுதாகியிருக்கலாம். உள்ளே தேவையான டேட்டா இருந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் தகடு கீறும் அபாயம் உண்டு. 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டர் உள்ள கேஸ்தான் வேண்டும், யூஎஸ்பி மின்சாரம் போதாது.

கேள்வி: குடும்பப் படங்களை இதில் மட்டும் வைத்திருந்தால் போதுமா?

பதில்: போதாது. எண்கள் சுத்தமாக இருந்தும் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோகும் டிஸ்க்குகள் உண்டு. இதை இரண்டாவது பிரதியாக வையுங்கள்.

கேள்வி: அதே டிஸ்க்கை விண்டோஸிலும் மேக்கிலும் பயன்படுத்த வேண்டும்.

பதில்: எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டும் படிக்கும், எழுதும். ஃபேட்32 வேண்டாம், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் வசதி (பாதியில் நின்ற மாற்றங்களைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டர்கள் சிதையலாம், அதனால் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள்.