22 வருட இராணுவ சேவை: செக்யூரிட்டி வேலைதான் மிச்சமா?

வத்தளையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"இராணுவத்தில் 22 வருடம் முடித்து நவம்பரில் ஓய்வுபெறுகிறேன். மின், இயந்திரப் பொறியியலாளர் படையணியில் ஸ்டாஃப் சார்ஜன்ட். கடைசி ஆறு வருடம் வாகன வேர்க்ஷொப் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. 26 பேர், ஏறக்குறைய 70 வாகனங்கள். வயது 42. பியகம, ஏக்கலப் பக்கம் ஐந்து தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பித்தேன். இரண்டில் செக்யூரிட்டி வேலை தரலாம் என்றார்கள். மூன்றில் பதிலே இல்லை. மெயின்டனன்ஸ் அல்லது புரொடக்ஷன் பக்கம் சேர்ந்து ஒருநாள் முகாமையாளராக வர ஆசை. இது நடக்கிற காரியமா?"

நடக்கும். ஆனால் நீங்கள் அனுப்பியிருந்த சுயவிபரக் கோவையைப் பார்த்ததும், அந்த இரண்டு கொம்பனிகளும் ஏன் உங்களைக் கேட்டடியில் நிறுத்தப் பார்த்தன என்று விளங்கிவிட்டது. முதல் பக்கம் முழுக்க ஒழுக்கம், கட்டுப்பாடு, நேரந்தவறாமை, பதக்கங்கள், கடமையாற்றிய முகாம்களின் பெயர்கள். வேர்க்ஷொப்புக்கு இரண்டாம் பக்கத்தில் ஒரேயொரு வரி. மனிதவளப் பிரிவில் இதைப் புரட்டும் பிள்ளைக்கு ஒரு படையணிக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. இராணுவம், ஒழுக்கம் என்று கண்டால் அவருக்கு கேட்தான் நினைவுக்கு வரும். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் பல வருடம் தொழிற்சாலைகளில் ஆட்களைத் தெரிவு செய்திருக்கிறேன். எங்களுக்கு எப்போதும் கிடைக்காமல் இருந்த ஆள் ஒருவர்தான்: ராத்திரி இரண்டரைக்கு மெசின் நின்றால் பதறாமல் ஓடவைக்கிறவர், அது மறுபடி நிற்காமல் பார்த்துக்கொள்கிறவர். நீங்கள் 22 வருடமாகச் செய்ததே அந்த வேலைதான். அதைத் தொழிற்சாலைக்குப் புரியும் கணக்கில் எழுதவேண்டும்.

உங்கள் 70 வாகனங்களில் சராசரியாக ஒரு நாள் காலையில் எத்தனை ஓடுகிற நிலையில் இருந்தன? 63 என்று வைத்துக்கொள்வோம். அது 90 சதவீதம். நீங்கள் பொறுப்பெடுத்த வருடம் அது எவ்வளவு, விட்டபோது எவ்வளவு? ஒரு எஞ்சினைக் கழற்றிப் பூட்ட எத்தனை நாள் போனது, பிறகு எத்தனையாகக் குறைந்தது? உதிரிப்பாகம் வராமல் வண்டி கிடந்த நாட்கள் எத்தனை? உங்கள் சொந்த எண்களை உண்மையாகப் போடுங்கள். படையணியின் நடவடிக்கைகள், இடங்கள் பற்றிய விபரம் அதில் வேண்டாம். அதை யாரும் கேட்கப்போவதும் இல்லை.

நேர்முகத்தில் பெரும்பாலும் ஓஈஈ (OEE) பற்றிக் கேட்பார்கள், அதாவது மெசின் கொடுக்கவேண்டியதில் எத்தனை சதவீதம் நல்ல சாமானாகக் கைக்கு வந்தது என்ற கணக்கு. பெயர் பெரிதே தவிர விஷயம் லேசானது. எட்டு மணிநேர சிஃப்ட் என்றால் 480 நிமிடம். மெசின் பழுதாலும் அச்சு மாற்றியதாலும் 60 நிமிடம் நின்றது, ஓடியது 420. அதாவது 87.5 சதவீதம். நிமிடத்துக்கு ஒரு சாமான் வரவேண்டிய மெசினில் 420க்குப் பதில் 378 வந்தது, 90 சதவீதம். அதில் 359 மட்டும் நல்லது, மிச்சம் கழிவு. ஏறக்குறைய 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 75. ஆக, 480 கொடுக்கவேண்டிய சிஃப்டில் கைக்கு வந்தது 359. முதல் பங்கு, மெசின் ஓடிய நேரம், நீங்கள் வேர்க்ஷொப்பில் நாளும் பார்த்த அதே கணக்கு. மற்ற இரண்டையும் ஒரு வாரத்தில் பிடித்துவிடுவீர்கள்.

இன்னொரு கைச்சரக்கும் உங்களிடம் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. புதிதாக வந்த பையனுக்கு சிலிண்டர் ஹெட் போல்ட் இறுக்க எப்படிப் பழக்கினீர்கள்? நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போ, ஒரேயடியாக இறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்கு, இல்லாவிட்டால் கேஸ்கட் சமமாக உட்காராது. சொல்லி, செய்து காட்டி, அவனைச் செய்யவைத்து, பிறகு தனியே விட்டு இடைக்கிடை எட்டிப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940க்கும் 1945க்கும் இடையில், அமெரிக்காவில் அனுபவமில்லாத இலட்சக்கணக்கானவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அவசரமாகப் பழக்க டிடபிள்யூஐ (TWI, Training Within Industry) என்ற பயிற்சித் திட்டம் வந்தது. அதன் முக்கிய பாடம் இந்த நான்கு படிதான். போர் முடிந்தபின் அது ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவின் வேலைமுறை வளர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. எத்தனை பேருக்கு என்ன தொழில் பழக்கினீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சரி, கஷ்டமான பக்கத்துக்கு வருவோம். நான் இருந்த தொழிற்சாலை ஒன்றுக்குக் கடற்படை எஞ்சின் அறையிலிருந்து ஒருவர் மெயின்டனன்ஸ் மேற்பார்வையாளராக வந்தார். முதல் வாரமே சிஃப்ட் கொப்பியின் முகம் மாறிவிட்டது. அதுவரை "எல்லாம் ஓகே" என்று மட்டும் எழுதியிருந்த பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு: "இரவு 2.40. மூன்றாம் கொம்ப்ரஸர் சூடு. எண்ணெய் குறைவு, ஒரு லீற்றர் ஊற்றினேன். எங்கோ கசிகிறது. காலையில் சீல் பார்க்கவும்." காலையில் பார்த்தோம், சீல் போயிருந்தது. எவ்வளவு பெரிய நட்டத்தை அந்த நான்கு வரி தடுத்தது என்று இன்றும் நினைப்பேன்.

அதே மனிதர் இரண்டாம் மாதம், மெசினை நிறுத்தாமல் கையை விட்ட ஒரு பிள்ளையை லைன் முழுக்கக் கேட்கும்படி ஏசினார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது, விரல் போயிருக்கும். ஆனால் மறுநாள் அந்த லைனில் மூன்று இருக்கை காலி. ஒருத்தி திரும்பி வரவே இல்லை. முகாமில் ஏச்சு வாங்கினவர் மறுநாள் காலையும் அணிவகுப்பில் நிற்பார். தொழில் வலயத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் எப்போதும் ஆள் தேவை. மனம் நொந்தால் போய்விடுவார்கள். நாங்கள்தான் அவரைத் தயார்படுத்தாமல் லைனில் இறக்கிவிட்டோம், அந்தப் பிழை எங்களுடையது. அப்புறம் அவர் பழகிக்கொண்டார். ஆபத்து என்றால் உடனே மெசினை நிறுத்துவார். பேச்சைத் தனியே கூப்பிட்டு வைத்துக்கொள்வார்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் சேவையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம், 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டம், 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆகிய மூன்றிலும் என்ன இருக்கிறது என்றாவது வாசியுங்கள். ஆளை நிறுத்துவதும் தண்டிப்பதும் மேற்பார்வையாளரின் வாய்வார்த்தையில் நடக்காது. தொழிற்சங்கப் பிரதிநிதி வந்து எதிரே உட்கார்ந்தால் அதை அவமரியாதையாக எடுக்கக்கூடாது.

எந்தப் பதவியில் தொடங்குவது? மெயின்டனன்ஸ் மேற்பார்வையாளர் என்றே கேளுங்கள். நேரே முகாமையாளர் பதவிக்குப் போட்டால் கோவை ஓரமாகப் போகும். மேலே 28 வயது இன்ஜினியர் ஒருவர் இருப்பார். அதில் உங்களுக்குச் சங்கடம் வராது. புதிதாக வந்த இரண்டாம் லெப்டினன்டுக்கு மரியாதை குறையாமல் வேலை சொல்லிக்கொடுத்துப் பழகியவர் நீங்கள். கைவேலைக்கு என்விகியூ (NVQ) என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையின் அத்தாட்சிகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி எடுக்கும் வழி இருக்கிறது. நான்காம் மட்டம் கையில் இருந்தால் ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்குப் போகலாம். முகாமையாளர் கதவு திறக்க அந்த டிப்ளோமா தேவைப்படும். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலும் ஒரு பழுதறிக்கையும் தடுமாறாமல் எழுதப் பழகுங்கள். சிங்களமும் தமிழும் சரளம் என்பதைப் பெரிதாகவே போடுங்கள். மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலைசெய்யும் தளத்தில் அது பெரிய பலம். அவர்களில் சிலருக்கு இராணுவம் என்ற சொல்லே கனமானது. கேட்டால் மறைக்காதீர்கள், கேட்காமல் பேசாதீர்கள். உங்களைப் பார்த்துப் பழகி முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

சம்பளம் பேசும்போது "உங்களுக்குத்தான் ஓய்வூதியம் வருகிறதே" என்பார்கள். ஓய்வூதியம் முடிந்த 22 வருடத்துக்கானது, இந்தச் சம்பளம் இனிச் செய்யப்போகும் வேலைக்கானது என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு சம்பளத்தில் உங்கள் பங்கு 8 சதவீதம், கொம்பனியின் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனி இன்னொரு 3. ஓய்வூதியம் எடுக்கிறவர் என்பதற்காக இவற்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நவம்பருக்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. தொழிற்தரப் பரீட்சைச் சான்றுகள், முடித்த பயிற்சிகளின் பட்டியல், வேர்க்ஷொப் உங்கள் பொறுப்பில் இருந்த காலத்தை உறுதிப்படுத்தி பொறுப்பதிகாரி தரும் கடிதம் ஆகியவற்றை முறைப்படி கேட்டு இப்போதே வாங்குங்கள். என்விகியூ மதிப்பீட்டாளர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். முகாமை விட்டு வந்தபின் ஒரு கையெழுத்துக்காக அலைவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு முன் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.