555 புத்தகமும் பரமண்டல ஜெபமும்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்கும் வேதபாடத்தை வார நாட்களில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்? பொதுவாகச் சொல்லாமல், உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

ஒன்றே ஒன்று சொல்கிறேன். மற்றதில் எல்லாம் நான் இன்னும் தேறவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று போட்டிருக்கும். கடன் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அரிசி, பால் டின், சார்டின் என்று தேதி போட்டு எழுதிவைத்து, சம்பளம் போட்டதும் கழிப்போம். கழியாதது அடுத்த பக்கத்துக்குப் போகும், பக்கம் தீர்ந்தால் அடுத்த புத்தகத்துக்கு. அப்பா விட்டுப்போன பிஸ்கட் டின்னில் அப்படி நாற்பதுக்கு மேல் இருந்தன. அதில் சில பேருடைய அடக்க ஆராதனைக்கே நான் போய் வந்திருக்கிறேன்.

நாங்கள் மெதடிஸ்ட். பேச்சு வந்த நாளிலிருந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சொல்கிறேன். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” என் கத்தோலிக்கத் தோழி சொல்லும் ஜெபத்தில் அந்த இடத்தில் ‘பாவங்கள்’ என்று வரும். லூக்கா 11-லும் ‘பாவங்களை மன்னியும்’ என்றுதான் இருக்கிறது. மத்தேயு 6:12-தான் இரண்டு பாதியிலும் கடன் என்று போட்டு உடைக்கிறது. கிரேக்க மூலத்திலும் அங்கே இருப்பது கடன் என்ற சொல்தான். பாவம் என்று இருந்திருந்தால் எனக்குத் தப்பிக்க வழி இருந்திருக்கும். யார்மேலும் எனக்குக் கோபம் இல்லையே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு கடனாளிகளுக்கு மன்னிக்கிறோம் என்று நாற்பது வருடமாகச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாள்கூட இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

எங்கள் சபையில் ஓர் அண்ணன். செம்பனைத் தோட்டத்தில் காண்ட்ராக்டரிடம் குலை வெட்டுகிறவர். அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் என்று ஆனது. கூட்டிப் போகிற நாளெல்லாம் அவருக்கு வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. எங்கள் கடையில் 2,340 வெள்ளி (ரிங்கிட்) கடன் ஏறிவிட்டது. முதலில் கடைக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் தெருவில் என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அப்புறம் ஆராதனைக்கும் வரவில்லை.

எங்களுக்கு இரண்டு பெஞ்சு பின்னால்தான் அவர் உட்காருவார். ஜெபத்தை எப்போதும் ஒரு சொல் பிந்தித்தான் முடிப்பார். எல்லாரும் ஆமென் சொல்லி ஓய்ந்த பிறகு அவருடைய ஆமென் தனியாகக் கேட்கும். சின்ன வயதில் அதற்காகவே காத்திருந்து சிரிப்போம். ஒரு ஞாயிறு ஜெபம் முடிந்ததும் அது கேட்கவில்லை என்று உறைத்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாத்தான் மேல் பழி போட வழியில்லை. அவரைச் சபையிலிருந்து துரத்தியது என் நோட்டு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மத்தேயு 18-ஐ எடுத்தேன். பதினாயிரம் தாலந்து கடனை ராஜா மன்னித்துவிட, அந்த ஊழியன் வெளியே போய், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிற கதை. இங்கே நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்லுவோம். அதனால் ஓய்வுநாள் பள்ளியில் படித்தபோது, போயும் போயும் நூறு வெள்ளிக்கா கழுத்தைப் பிடித்தான் என்று நினைத்திருந்தேன். அது அப்படி அற்பத் தொகை இல்லை. அந்த வெள்ளிப்பணம் ஒன்று ஒரு நாள் கூலி. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து ஆட்களுக்குப் பேசும் ‘நாளொன்றுக்கு ஒரு பணம்’ அதுதான். நூறு என்றால் நூறு நாள் சம்பளம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 சொச்சம். நூறு நாளுக்கு 6,500-க்கு மேல் வருகிறது. கடை வைத்திருப்பவளாகச் சொல்கிறேன், அது கழுத்தைப் பிடிக்கத் தோன்றும் தொகைதான். தாலந்துக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு தாலந்து 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள். வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் வருடம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் கதையே எனக்குப் புரிந்தது. மன்னிக்கச் சொல்லும் கடன் சின்னது என்று இயேசு எங்கேயும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தாமானில், அதாவது குடியிருப்பில், கடைசி வீடு. மன்னிக்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். பாதி தவணையாவது பேசி வாங்கலாம் என்றுதான் நினைப்பு. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. அண்ணன் வாசலுக்கு வந்து, “தங்கச்சி, இப்ப கையில ஒன்னும் இல்லம்மா” என்றார். குரலே வெளியே வரவில்லை. “அண்ணே, அண்ணிக்கு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் வந்தேன்” என்று வாயில் வந்துவிட்டது. அப்படிச் சொன்ன பிறகு தவணையைப் பற்றி எப்படிப் பேசுவது? திரும்பி வந்து அந்தப் புத்தகத்தில் குறுக்காகக் கோடு போட்டேன். வாரக் கடைசியில் போதகர் வழியாகச் சொல்லியனுப்பினேன்.

பிற்பாடு உபாகமம் 24-ஐப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். கடன் கொடுத்தவன் அடகு வாங்க வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவருவான் என்று இருக்கிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே என்றும் அதே அதிகாரத்தில் வருகிறது. அது அவன் பிழைப்பு. வாங்கின வஸ்திரத்தைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு என்கிறது யாத்திராகமம் 22, ராத்திரிக்குப் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறே இல்லையாம். இதைப் படித்துவிட்டு நான் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் மேசை இழுப்பறையில் மூன்று பேருடைய ஏடிஎம் கார்டு இருந்தது, பின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டோடு. ஈட்டுக்கு வைத்தது. ஊரில் நிறையப் பேர் செய்வதுதான், தப்பென்றே தோன்றியதில்லை. மறுநாள் மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, நம்பரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். மூன்றில் இரண்டு பேர் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். மூன்றாமவர் கட்டவில்லை.

எங்கள் ஊர், மலேசியாவில் அமைச்சராக இருந்த வி.தி. சம்பந்தன் ஐயா பிறந்த ஊர். துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்க வேண்டும் என்று 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்த கதையை இங்கே பெருமையாகச் சொல்லுவார்கள். அதே ஊரில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் வட்டி முதலைகளின் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது. கடையில் கடன் கிடைக்காதவன் அங்கேதான் போவான். அதனால் இனிமேல் யாருக்கும் கடன் இல்லை என்று போர்டு மாட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உபாகமம் 15 இதையும் யோசித்திருக்கிறது. ஏழாம் வருஷம் கடனை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த வருஷம் கிட்டே வருகிறதே என்று பார்த்து ஏழைக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதே என்றும் எச்சரிக்கிறது. கடைக்காரன் புத்தி தெரிந்து எழுதியது மாதிரி இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் கடனுக்கு ஆறு வருடம் கழித்து வழக்குப் போட முடியாது. வேதம் ஒரு வருடம் கூடத்தான் கொடுக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை.

இப்போது டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் புறப்படும் முன் டின்னை இறக்கி, ஒவ்வொரு புத்தகமாகப் பார்க்கிறேன். கட்ட வழியே இல்லாதவர்களுடையதைக் கிழித்துவிடுவேன். யாருக்கும் சொல்வதில்லை. முதல் வருடம் விஷயம் வெளியே தெரிந்து, ஜனவரியில் புதுக் கணக்குத் திறக்க வந்த கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வழி இருக்கிறவர்களுடையதைக் கிழிப்பதில்லை. 410 வெள்ளி பாக்கி வைத்துக்கொண்டு புது மோட்டாரில் வந்து மைலோ கேட்கிறவரிடம், பாக்கி எப்போது என்று இன்றைக்கும் கேட்கிறேன். இதில் நான் செய்வது சரியா என்று போதகரிடம் கேட்டேன். அவர் அந்த மோட்டார் என்ன விலை என்று கேட்டார்.

அந்த அண்ணன் நாலு மாதம் கழித்துச் சபைக்கு வந்தார். அதே பெஞ்சு, அதே பிந்திய ஆமென். சாமான் மட்டும் எதிர்ப்பக்கத்து மினி மார்க்கெட்டில்தான் வாங்குகிறார், ரொக்கத்துக்கு. தம்பி பார்த்துவிட்டு, “பாத்தியா, கடனும் போச்சு, ஆளும் போச்சு” என்றான். ஆள் எங்கேயும் போகவில்லை, இரண்டு பெஞ்சு பின்னால்தான் இருக்கிறார் என்றேன். அவன் கேட்டது வியாபாரத்தைப் பற்றி என்று எனக்கும் தெரியும்.