குன்னூரில் இருக்கும் எங்களுக்கும் கடல் பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பு மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை, அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை, எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் இல்லாத, ஆய்வகத்தில் உருவான மருந்து அது. ஆனாலும் அதன் வீரியத்தைக் குறைக்கும் கியூஎன்ஆர்ஏ மரபணுவின் பிறப்பிடம் ஷீவனெல்லா ஆல்கே என்ற கடல்வாழ் பாக்டீரியா என்று 2005இல் தெரியவந்தது. மருந்து குறிவைப்பது, பாக்டீரியா தன் டிஎன்ஏவைப் படியெடுக்கத் தேவையான டிஎன்ஏ கைரேஸ் நொதியை; அதை இந்த மரபணு தரும் புரதம் ஒட்டிநின்று காக்கிறது. அப்புறம், பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏறி நம் குடலில் வாழும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவுக்கும் அந்த மரபணு வந்துவிட்டது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. குன்னூர் ஆறு பவானியில் சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. காவிரி பூம்புகாரில் கடலுக்குப் போகிறது. சாக்கடையில் விட்ட மருந்து மிச்சமும் கிருமிகளும் இறங்க அதுவே வழி. சாதாரண சளிக்கு, அது ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வைரஸால் வருவது என்று தெரிந்தும், கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

மீன் சாப்பிடத் தயங்க வேண்டாம்; நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும்.