அப்பத்தா வாயில் முதலில் வரட்டும்

கேள்வி: எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. பூசை, சடங்கு எதுவும் இல்லாமல் அவளுக்குப் பெயர் சூட்ட விரும்புகிறோம். மாமியார் எதிர்க்கவில்லை; "அப்படியானால் என்னதான் செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கேக் வெட்டிப் படம் எடுத்து முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள் அம்மா.
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: மகளே, உன் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. எதையெல்லாம் விலக்கினீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

நம் பக்கத்தில் பெயர் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, பேத்தி, பெயர்த்தி. மாமனார், மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் வேறு பெயரால் அழைப்பார்கள். என் அம்மா என் அண்ணனை அவனுடைய சொந்தப் பெயரால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையைப் பார்த்துத்தான் அது எனக்கே தெரிந்தது. புதுப் பெயர் என்றதும் உன் மாமியார் மனத்தில் சாமியைவிட இந்த வரிசைதான் ஓடியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்: அவருக்குப் பெயர் வைத்தவர் யார், அது யாருடைய பெயர், சின்ன வயதில் வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? சொல்வதை எழுதி வை. விழாவில் வாசிக்க வேண்டியது அதுதான்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூரில் என் பேத்திக்கு வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், இப்படியொரு விழா நடத்தினோம். ஒலிபெருக்கி வைத்து ஆறு பேர் பேசினார்கள். பெயரைக் கடைசியில் அறிவிப்பதாக ஏற்பாடு. ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. குழந்தை பசித்து அழுதது, மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பெயரைச் சொன்னபோது பெயருக்குரியவள் அங்கே இல்லை. எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என் அம்மா, அப்போது எண்பதைத் தாண்டியவர், வளவுத் தூணில் (உள்முற்றத்துத் தூண்) சாய்ந்து மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முதல் தடவை பாதியில் நின்றார். இரண்டாம் தடவை 'ழ' வரவில்லை. மூன்றாவதில் சரியாக வந்துவிட்டது. குழந்தை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை.

ஆகவே பெயரை முதலில் சொல்லுங்கள். குழந்தையின் அப்பத்தாவான உன் மாமியார் சொல்லட்டும். சுயமரியாதை இயக்கக் கூட்டங்களில் பெற்றோர் கைக்குழந்தையைப் பெரியாரிடம் கொடுத்துப் பெயர் கேட்டார்கள். ரஷ்யா என்றுகூடப் பெயர் பெற்ற பிள்ளைகள் உண்டு. சாதியும் சாமியும் ஒட்டாத பெயர் வேண்டும் என்ற அந்த வேட்கையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் தலைவர் மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். உன் மகளை விடிந்ததும் கூப்பிடப்போகிறவர் அப்பத்தாதான். பத்து நாள் முன்பே பெயரை அவரிடம் சொல்லிவிடு, பழகிக்கொள்ளட்டும்.

பிறகு நீயும் உன் கணவரும் ஏன் இந்தப் பெயர் என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதன்பின் எழுத்து. நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதுவதைப் பார்த்திருப்பாய். முன்பு ஓலையில், இப்போது தாளில். அந்த எழுதும் வழக்கத்தை எடுத்துக்கொள். நல்ல கெட்டித் தாளில் பிறந்த நாள், ஊர், பெயர், அதன் பொருள், அப்பத்தா சொன்ன கதை எல்லாவற்றையும் எழுதி, வந்தவர்கள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கு. எழுதத் தெரியாதவர் கைரேகை வைக்கட்டும். தொட்டிலுக்கு அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் தூளி கட்டு. துவைத்துத் துவைத்து மெத்தென்றிருக்கும். சாப்பாட்டுக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் இருந்தால் ஒரு குறையும் இராது.

மாமியார் விளக்கேற்ற ஆசைப்பட்டால்? கூட்டத்தில் வேண்டாம், அது உங்கள் இருவரின் கொள்கை, அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய அறையில் அவர் ஏற்றிக்கொள்வதைத் தடுக்காதே.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. பெயருக்குப் பதிவேடு போதும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். பெயரில்லாமல் பதிந்திருந்தால் பிறந்த 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டு வரை. போகும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ. பெயரில் 'ழ' இருந்தால் இன்னும் கவனம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஓர் எழுத்துப் பிழையோடு அதை வாங்கி வந்துவிடாதே.

மகள் பெயரை நீ கடிதத்தில் எழுதவில்லை. சரிதான், முதலில் அவள் கேட்கட்டும். விழா முடிந்ததும் எனக்கு எழுது.