நாலாயிரம் வாங்கியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உத்தமபாளையத்திலிருந்து எழுதுகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலைக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். ஆனால் அரசாங்கம் கையில் பணமாகக் கொடுப்பதை நீங்கள் எப்போதும் ஆதரித்தே எழுதுகிறீர்கள், அது எனக்குச் சம்மதமாக இல்லை. 2021 கொரோனா சமயத்தில் அரிசி கார்டுக்கு நாலாயிரம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் மாடி வீடு, கார், கேரளாவில் ஏலக்காய்த் தோட்டம் என்று எல்லாம் இருப்பவர்களும் டோக்கனோடு வரிசையில் நின்றார்கள். கை நிறைய வளையல் போட்டவர்களும் வாங்கினார்கள். 2023இல் மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் ஆயிரம் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதிலும் இதே கதைதான். என் மகன் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறான். கொரோனாவில் அவனுக்கு ஒரு நாள் சம்பளம்கூட நிற்கவில்லை, வீட்டிலிருந்தே வேலை. அந்த அரசாங்கம் அவன் கணக்குக்கு மூன்று தடவை பணம் போட்டது. "எனக்கு எதுக்குப்பா இது" என்று அவனே கேட்டான். தேவையில்லாதவனை விட்டுவிட்டு, தேவை உள்ளவனுக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்கலாமே? பென்ஷன் வாங்கும் நானும் அந்த நாலாயிரத்தை வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. வாங்கியது தப்பா?

ஒரு வாசகர், உத்தமபாளையம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. 2021 மே, ஜூனில் இரண்டு தவணையாக 2,000, 2,000 என்று சுமார் 2.07 கோடி கார்டுகளுக்குக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் எட்டாயிரம் கோடிக்கு மேல் வரும். பத்தில் ஒரு கார்டு தேவையில்லாத கார்டு என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலே எண்ணூறு கோடி. அது சின்னப் பணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த மே மாதத்தை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். முழு ஊரடங்கு, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிலிருந்து பள்ளி ஆசிரியர்வரை எல்லோரும் கொரோனா வேலையில் கிடந்தார்கள். அந்த நேரத்தில் யார் ஏழை, யார் இல்லை என்று வீடு வீடாகப் போய்ப் பிரிக்க யார் இருந்தார்கள்? அரசாங்கத்திடம் உடனே பயன்படுத்தக்கூடிய ஒரே பட்டியல் ரேஷன் பட்டியல். தமிழ்நாட்டில் அரிசி கார்டு என்பது ஏழைக் கார்டு கிடையாது, அரிசி வேண்டும் என்று கேட்டு வாங்கியவரின் கார்டு, அவ்வளவுதான். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அப்படிப் பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. பிரித்த மாநிலங்களில் நடந்தது என்ன? ஏழைகளில் பெரும் பகுதி ஏழைகள் பட்டியலிலேயே வரவில்லை, வசதியானவர்கள் கணிசமான பேர் உள்ளே இருந்தார்கள். பட்டியல் போடுகிற இடத்தில் பேசத் தெரிந்தவனும் ஆள் தெரிந்தவனும்தானே முதலில் நிற்பான்?

உங்கள் மகனின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அமெரிக்கா உண்மையிலேயே வருமான வரம்பு வைத்துப் பார்த்த நாடு. 2020 மார்ச்சில் போட்ட சட்டப்படி ஆளுக்கு 1,200 டாலர், 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 500. தனி ஆளுக்கு ஆண்டு வருமானம் 75,000 டாலர், தம்பதிக்கு 1,50,000 என்ற வரம்பைத் தாண்டினால் தொகை குறைந்துகொண்டே வரும். பிறகு பெரியவர், பிள்ளை என்று ஆளுக்கு டிசம்பரில் 600, அடுத்த மார்ச்சில் 1,400. உங்கள் மகன் வீட்டில் கணவன், மனைவி, ஒரு பிள்ளை என்று இருந்து மூன்று தடவையும் முழுசாக வந்திருந்தால் மொத்தம் 8,900 டாலர். அவருடைய சம்பளம் நிற்கவே இல்லை. வரம்பு இருந்தும் அது எப்படிப் போனது? 2018 அல்லது 2019ஆம் ஆண்டு வரிக் கணக்கைப் பார்த்துத்தான் முதல் பணத்தை அனுப்பினார்கள். 2020 ஏப்ரலில் யாருக்கு வேலை போனது, யாருக்கு நிலைத்தது என்பது அந்தக் கணக்கில் எப்படித் தெரியும்? போன வருஷம் நன்றாகச் சம்பாதித்து இந்த வருஷம் ஓட்டல் வேலை போனவருக்குக் கிடைக்கவில்லை, அவர் அடுத்த வருஷம் கணக்குத் தாக்கல் செய்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வரிக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டாத அளவுக்கு வருமானம் குறைந்தவர்களில் பலர் தாங்களாகவே தேடிப்போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆனது. செத்துப்போனவர்கள் பேருக்கு மட்டும் சுமார் பதினோரு லட்சம் பணப் பட்டுவாடா நடந்ததாக அந்த நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகமே 2020 ஜூனில் சொன்னது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலரைப் பாதித்த ஒன்றும் அதில் உண்டு. எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் கணவன், எச்-4 விசாவில் போன மனைவி. மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாததால் சோசியல் செக்யூரிட்டி எண் கிடையாது, வரிக்காக மட்டும் ஒரு எண் வைத்திருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து வரிக் கணக்குக் கொடுத்திருந்தால் முதல் தடவை அந்தக் குடும்பத்துக்கு ஒரு டாலர்கூட இல்லை, அங்கேயே பிறந்த குழந்தைக்கும் இல்லை. டிசம்பரில்தான் அதைத் திருத்தினார்கள். சம்பளம் போன குடும்பமும் அதில் உண்டு, போகாத குடும்பமும் உண்டு, ஒரு எண்ணை வைத்து எல்லோரையும் சேர்த்து வெளியே தள்ளியது சட்டம்.

வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்டில் இருக்கும் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு அந்த 600 டாலர் எப்படிச் செலவானது என்று பார்த்தது. வருமானம் குறைந்தவர்கள் உடனே செலவழித்தார்கள், ஆண்டுக்கு 78,000 டாலருக்கு மேல் சம்பாதித்த குடும்பங்கள் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் செலவழித்தன. கடைகளில் வியாபாரம் ஓட வேண்டும் என்பதற்காகக் கொடுக்கிற பணம் பேங்கிலேயே தூங்கினால் அந்த நோக்கம் பாதிதான் நிறைவேறுகிறது. மூன்றாவது தடவை வரம்பை இறுக்கி, தனி ஆளுக்கு 80,000 டாலரிலேயே முழுசாக நிறுத்தினார்கள். உங்கள் மகன் கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

இப்போது நம் பக்கம் வருவோம். தேவையைப் பார்த்துக் கொடு என்று சொல்வது சுலபம். அந்தத் தேவையை எந்தக் காகிதத்தில் பார்ப்பது என்பதுதான் எனக்குப் பிடிபடாத இடம், அதுவும் நம்மைப் போல எல்லையில் இருக்கிற ஊர்களில். மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கினார்கள். அப்போது வைத்த நிபந்தனைகள் இவை: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கர், புஞ்சை பத்து ஏக்கருக்குள், கரண்ட் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது, வருமான வரி கட்டக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் இருக்கும் அந்த ஏலத்தோட்டக்காரரின் நிலம் எங்கே இருக்கிறது? வண்டன்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ, இடுக்கி மாவட்டத்தில். நம் தாலுகா ஆபீஸ் பட்டா ஏட்டில் அந்த நிலம் வராது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனதே, அந்த மாதிரி வருஷத்தில் வந்த விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரியும் கிடையாது. காரை இன்னொருவர் பேரில் வைத்துவிட்டால் தமிழ்நாட்டு ஏட்டில் அவர் நிலமே இல்லாத மனுஷன். குமுளி செக்போஸ்ட்டோடு நம் அரசாங்கத்தின் கண் முடிந்துவிடுகிறது.

அதே தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்ணைப் பாருங்கள். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறவர்கள். இன்னும் கொஞ்சம் பேர் மாசக்கணக்கில் மேலேயே எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், தங்கிவிடுகிறார்கள். கார்டு இங்கே, வயிறு அங்கே. உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கிய முகாம் ரேஷன் கடை வாரியாக, குறித்த தேதியில், பகலில் நடந்தது. கூலியை விட்டுவிட்டு, ஜீப்புக்குக் காசு கொடுத்து இறங்கி வந்தால்தான் விண்ணப்பம். வந்தாலும் கணவனோடு வாழாத பெண்ணுக்குக் கார்டு கணவன் வீட்டில் கிடக்கிறது. கார்டில் பேர் இருக்கிற மைத்துனன் கடனில் ஒரு பழைய டிராக்டர் வாங்கியிருந்தால் முடிந்தது கதை. மாநிலம் முழுக்க 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, முதலில் ஏற்றுக்கொண்டது சுமார் 1.06 கோடி. தள்ளியதில் வசதியானவர்கள் நிறையப் பேர் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிராகரிப்பு எஸ்எம்எஸ் வந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யத் தெரிந்தவர் யார், அந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்துக் காட்டவே ஆள் தேடியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

2021 மேயில் மேலே மாட்டிக்கொண்டவர்களின் நிலைமை இன்னும் மோசம். கேரளத்தில் மே 8இலிருந்து ஊரடங்கு, இங்கே 10இலிருந்து. எல்லையைத் தாண்டப் பாஸ். இரண்டாயிரம் வாங்கக் கம்பம்மெட்டு வழியாக இறங்கினால் திரும்ப ஏற விடுவார்களா என்று தெரியாது, வேலை போய்விடும். கேரள அரசு அங்கே எல்லாக் கார்டுக்கும் மளிகைக் கிட் கொடுத்தது. 2020இல் அது சுமார் 87 லட்சம் கார்டு, பணக்காரர் வீட்டையும் சேர்த்துத்தான். வேண்டாதவர்கள் விட்டுக்கொடுக்கவும் வழி வைத்திருந்தார்கள், அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குக் கேரளக் கார்டு வேண்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் முன்னுரிமைக் கார்டுக்கு உண்டான அரிசி, கோதுமை மட்டும்தான் வெளிமாநிலத்தில் கிடைக்கும். முன்னுரிமை இல்லாத கார்டுக்கு அதுவும் இல்லை, மாநில அரசு கொடுக்கும் பணமோ கிட்டோ கிடையவே கிடையாது. அந்தப் பெண்களுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. தேர்தல் வந்தால் இவர்கள் பேர் இரண்டு மாநில வாக்காளர் பட்டியலிலும் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்க்கிறார்களே, நிவாரணம் கொடுக்கும்போது எந்தப் பட்டியலில் விட்டுப்போனார்கள் என்று தேனி கலெக்டர் ஆபீசும் இடுக்கி கலெக்டர் ஆபீசும் உட்கார்ந்து பார்த்திருக்கலாம் அல்லவா? எனக்குக் கோபம் வருகிற இடம் இது. வளையல் போட்ட கை வாங்கியது எனக்கும் உறுத்துகிறது, ஆனால் வாங்க வேண்டிய கை வராமல் போனது அதைவிடப் பல மடங்கு உறுத்துகிறது. முன்னது கஜானாவுக்குப் பண நஷ்டம். பின்னது ஒரு வீட்டில் அடுப்பு எரியாதது.

அதனால் என் நிலை இதுதான். வெள்ளம், கொள்ளை நோய் என்று திடீரென்று வந்தால் கேள்வி கேட்காமல் எல்லாக் கார்டுக்கும் கொடுத்துவிட வேண்டும், கார்டு இல்லாதவரைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். மாதாமாதம் கொடுக்கிற பணத்துக்கு நிபந்தனை வைக்கலாம், ஆனால் அரசாங்கம் தன் கையில் இருக்கும் ஏட்டை வைத்தே பார்க்கக்கூடிய நிபந்தனையாக வைக்க வேண்டும். அரசு சம்பளம், அரசு பென்ஷன், வருமான வரி, இந்த மூன்றும் அரசிடமே இருக்கின்றன. ஏழை தான் ஏழை என்று நிரூபிக்க அலைய வேண்டியதில்லை. அதைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி. மாதம் 1,600 ரூபாய் நலப் பென்ஷனை 1,458 அரசு ஊழியர்கள் வாங்கிக்கொண்டிருந்ததைக் கேரள நிதித்துறை 2024 நவம்பரில் கண்டுபிடித்தது, அதில் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும் இருந்தார்கள். இரண்டு ஏட்டை ஒப்பிட்டாலே தெரிந்திருக்க வேண்டியது. நம் பக்கம் பிஎம் கிசானில் 2020இல் விவசாயியே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் பேரில் நூறு கோடிக்கு மேல் போனது. அதே திட்டத்தில் குத்தகைக்கு உழுகிறவருக்கு ஒரு ரூபாய் கிடையாது, ஏனென்றால் நிலம் அவர் பேரில் இல்லை. திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கடனில் மருந்தடிக்கிறவர் வெளியே, பட்டா வைத்திருந்து வெளியூரில் இருப்பவர் உள்ளே.

சரி, நீங்கள் வாங்கியது தப்பா? தப்பில்லை. கொடுத்த சட்டத்தில் உங்களுக்கு இடம் இருந்தது, நீங்கள் எதையும் மறைக்கவில்லை. இனிமேல் வேண்டாம் என்று உண்மையிலேயே தோன்றினால் உங்கள் கார்டைச் சர்க்கரை கார்டாகவோ பொருளில்லாக் கார்டாகவோ மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம், அரசு இணையதளத்திலேயே வழி இருக்கிறது. அம்மாவோ அண்ணியோ ரேஷன் அரிசியில்தான் இட்லிக்குப் போடுகிறார்கள் என்றால் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கேட்காமல் மாற்றிவிட வேண்டாம்.

அதைவிட உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு, அண்ணே. மின்வாரியத்தில் இருந்தவர், மனு எழுதத் தெரியும், எந்த ஆபீசில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரியும். உங்கள் பக்கத்தில் மலைக்குப் போகிற பெண்களில் உரிமைத் தொகை கிடைக்காதவர் யார் யார் என்று விசாரியுங்கள். 2025இல் நடந்த 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களிலும் விட்டுப்போனவர்களிடம் மனு வாங்கினார்கள், அதிலும் எத்தனை பேர் போக முடியாமல் விட்டார்களோ. எதற்காக நிராகரித்தார்கள் என்று காரணத்தை எழுதி வாங்குங்கள், கணவனைப் பிரிந்தவருக்குத் தனிக் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களில் பலர் வீட்டில் இருப்பார்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி
கம்பம்